ஜிசிசி பில்டுக்கு ரூட் வேண்டியதில்லை
ரூட் (அட்மின் உரிமை) இல்லாமல் ஜிசிசி கம்பைலரைச் சோர்ஸிலிருந்து கட்டவே முடியாது, ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகளையும் முதலில் சிஸ்டத்தில் நிறுவியே ஆக வேண்டும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. பெங்களூரில் புதிதாகச் சேர்ந்த நம் பசங்க இதை நம்பி ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டுக் காத்துக்கிடப்பார்கள்.

சோர்ஸின் கான்ட்ரிப் ஃபோல்டரில் டவுன்லோட்-ப்ரீரெக்விசிட்ஸ் என்றொரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது இவற்றை இறக்கி, சோர்ஸ் மரத்துக்குள்ளேயே ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற பெயர்களில் வைத்துவிடும். பில்ட் அந்தப் பெயர்களைப் பார்த்துக் கம்பைலரோடு சேர்த்தே கட்டிக்கொள்ளும். அவை ஸ்டாட்டிக்காகக் கம்பைலருக்குள் போய்விடுவதால் சிஸ்டத்தில் தனியாக எதுவும் நிறுவப்படாது. மாறிலிக் கணக்குகளைக் கம்பைல் நேரத்திலேயே துல்லியமாகப் போடத்தான் இவை. உங்கள் புரோகிராமோடு இணைவதில்லை. கூடவே வரும் ஐஎஸ்எல் என்ற லைப்ரரி லூப் மேம்பாட்டுக்கு மட்டும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இவற்றை ஷேர்டு லைப்ரரியாக (ஓடும்போது தேடப்படுவதாக) வேறெங்கோ போட்டு வித்-ஜிஎம்பி என்ற கான்ஃபிகர் ஆப்ஷனில் பாதை கொடுப்பவர்களுக்குத்தான் தலைவலி: பில்டின் நடுவே எம்பிஎஃப்ஆர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடலாம்.

ப்ரீஃபிக்ஸை (நிறுவும் இடத்தை) ஹோம் ஃபோல்டருக்குக் கொடுங்கள், தனி பில்ட் ஃபோல்டரில் ஓட்டுங்கள். 32-பிட் ஹெடர்கள் இல்லாத 64-பிட் மெஷினா? அப்போது டிசேபிள்-மல்டிலிப் (32-பிட் லைப்ரரிகளைக் கட்டாதே என்ற ஆப்ஷன்) சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னவர் மாட்டிக்கொண்டது ஒருவேளை இங்கேயாக இருக்கலாம்.