கிரேசி மோகனும் சாம்பாரில் விழுந்த மீனும்

2019 ஜூன் 10. காலையில் பெங்களூரில் கிரீஷ் கர்னாட் போனார், மதியம் சென்னையில் கிரேசி மோகன். இருவருமே நாடகம் எழுதி, நடித்து, சினிமாவுக்கும் எழுதியவர்கள். நான் படித்த அஞ்சலிகளில் கர்னாட் ‘நாடகாசிரியர்’, மோகன் ‘காமெடி வசனகர்த்தா’. அன்றைக்கே உறுத்தியது.

மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவர் பெயரில் கிரேசியை ஒட்டவைத்தது. 1979-ல் சொந்தக் குழு. அவர் நாடகங்களின் நாயகன் மாதுவாக நடித்தது தம்பி பாலாஜிதான். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை 1983-ல் பாலசந்தர் ‘பொய்க்கால் குதிரை’யாக எடுத்தார். அப்புறம் கமல் படங்கள், ஊரறிந்த கதை.

அவர் எழுத்தை ‘வெறும் துணுக்குத் தோரணம்’ என்பார்கள். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கல்யாண சாம்பாரில் மீன் விழுகிற காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். மீன் விழுந்ததில் பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. அது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது, மறைக்க மறைக்க எப்படிப் பெரிதாகிறது என்பதில்தான் மொத்த வேலையும். ஒரு சோபா, இரண்டு கதவு வைத்துக்கொண்டு சபாவில் வருஷக்கணக்காகப் பழகிய கைக்குத்தான் இது வரும்.

மேடையில் ‘கட்’ கிடையாது. அரங்கம் சிரித்து ஓயும்வரை நடிகர் நிற்கவேண்டும். முந்தினால் அடுத்த வசனம் அம்போ. சினிமா அப்படிக் காத்திருக்காது. அதனால்தான் ‘பஞ்சதந்திர’த்தைத் தியேட்டரில் பார்த்தபோது பாதி வசனம் காதில் விழவில்லை, மீதியை டி.வி.யில் பத்து தடவை பார்த்துத் தேற்றிக்கொண்டோம்.

குறை இல்லாமல் இல்லை. நாடகத்துக்கு நாடகம் நாயகி பெயர் ஜானகி, பல ஜானகிகளுக்குப் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. ‘மகளிர் மட்டும்’ படத்துக்கு அப்படி வசனம் எழுதியவர் சொந்த மேடையில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டினார்? எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சினிமாவில் நடிப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ‘வசூல்ராஜா’வில் டாக்டராக வந்து போவார், அவ்வளவுதான். ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகத்தில் அவரே கிருஷ்ணர். பின் வரிசையில், கேண்டீன் போண்டா வாசனைக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தேன். கிரீடத்தோடு வந்து நின்றார். கைதட்டல் அடங்க நேரமானது. மனிதர் அசையவே இல்லை.