வாஷெரோ ஜெயித்ததை வைத்து என் தம்பிக்குப் பாடம் எடுக்காதீர்கள்

இரண்டு நாளாக அந்த மீமைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்விட்டது. உலக டென்னிஸ் தரவரிசையில் 204-ஆம் இடத்தில் இருந்தவன் ஜோகோவிச்சையே தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிவிட்டானாம், காசில்லை, ஸ்பான்சர் இல்லை என்று புலம்புகிறவர்கள் அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நம் நண்பர்களிலேயே பத்துப் பேர் பகிர்ந்துவிட்டார்கள். ஒருவர் என் தம்பியையும் அதில் டேக் செய்திருக்கிறார். அது மட்டும் இல்லையென்றால் நான் பேசாமல் போயிருப்பேன்.

மொனாக்கோ ஆட்டக்காரர் வாலன்டின் வாஷெரோ 2025-இல் ஷாங்காயில் ஜெயித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தகுதிச் சுற்றிலேயே அவருக்கு நேரடி இடம் கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர், மற்றவர்கள் விலகியதால் உள்ளே வந்தார். கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையில் இருக்கும் மாஸ்டர்ஸ் 1000 போட்டி ஒன்றை இவ்வளவு கீழே இருந்து வந்து இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. இறுதியாட்டத்தில் எதிரே நின்ற ஆர்தர் ரிண்டர்நெக் அவருடைய அம்மாவின் சகோதரி மகன். நம் வழக்கப்படி அண்ணன் முறை. முதல் செட்டை இழந்தும் 4-6, 6-3, 6-3 என்று ஜெயித்தார். பரிசளிப்பில் அந்த இரண்டு பேரையும் பார்த்து நான் அழுதேன்.

ஆனால் ஒருவர் ஜெயித்துவிட்டதால் 204-ஆம் இடம் பிழைக்கக்கூடிய இடமாகிவிடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஷாங்காயில் ஜெயித்தபோது வாஷெரோவுக்கு வயது 26. ஷாங்காய்க்கு முன்பு வரை டென்னிஸில் அவர் மொத்தமாகச் சம்பாதித்தது ஏறக்குறைய 6 லட்சம் டாலர். ஷாங்காயில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். இதைப் படித்ததும் "பார், எப்படி மாறிவிட்டது" என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அந்த முதல் எண்தான் கண்ணில் நிற்கிறது. பல வருட உழைப்புக்கு 6 லட்சம். அதிலிருந்துதான் விமானம், ஓட்டல், பயிற்சியாளர், பிசியோ, ராக்கெட்டுக்கு மாட்டும் நரம்பு (ஸ்ட்ரிங்), வரி எல்லாம். உலகத்தில் 204-ஆவது சிறந்த ஆள் என்றால் வேறு எந்தத் தொழிலிலும் அவர் கடனைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்காது.

அவர் தனியாக வந்தவரும் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். பயிற்சியாளர் அவருடைய அண்ணன், அம்மா ஒன்று, அப்பா வேறு. பயிற்சி எடுத்தது மான்டே கார்லோவில். அவரைக் குறை சொல்லவில்லை. பின்னால் இத்தனை பேர் தாங்கிப் பிடித்தும் 26 வயதில் 204-இல்தான் இருந்தார் என்றால், யாரும் தாங்காதவன் எங்கே இருப்பான்?

சுமித் நாகலை மறந்துவிட்டீர்களா? அப்போது இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரர், 2023-இல் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். 1989-இல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்ற பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 'சீட்' பெற்ற, அதாவது போட்டியின் முன்னணி ஆட்டக்காரர் பட்டியலில் உள்ள ஒருவரை இந்தியர் வென்றது அப்போதுதான். உடனே எல்லாரும் கொண்டாடினோம். அந்த 900 யூரோவைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை.

இப்போது தம்பி கதை. அவன் பெரிய ஆள் ஒன்றும் ஆகவில்லை. எம்15 என்கிற கடைசிப் படிப் போட்டிகள்தான் ஆடினான். ஒரு போட்டிக்கு மொத்தப் பரிசே 15,000 டாலர், அதை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். ஒற்றையரில் முதல் சுற்றில் தோற்றால் 200 டாலர்கூடத் தேறாது. தகுதிச் சுற்றில் தோற்றால் ஒன்றுமே இல்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்த்தான் அவன் எகிப்துக்குப் போனான். அங்கே மூன்று வாரம். கையில் ஒரு பழைய ஸ்ட்ரிங் மெஷின் கொண்டுபோயிருந்தான். மற்றவர்களுக்கு ராக்கெட் ஒன்றுக்குப் பத்து டாலர் வாங்கி ஸ்ட்ரிங் மாட்டிக் கொடுத்தான். ஆடிச் சம்பாதித்ததைவிட அதில் வந்ததுதான் அதிகம். ஒரு நாள் போனில், "அண்ணா, நாளைக்கு என்னோட ஆடப்போறவனுக்கும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன்" என்றான். மறுநாள் அவனிடம் தோற்றான். அந்த ராக்கெட்டில் நரம்பின் இறுக்கத்தை (டென்ஷனை) ஒரு பவுண்டுகூட மாற்றவில்லை என் தம்பி.

ஸ்பான்சர் செய்கிறோம் என்று ஒரு நிறுவனம் எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டு போன் எடுப்பதை நிறுத்தியது. 23 வயதில் விட்டுவிட்டான்.

"கிரிக்கெட்டிலும் இப்படித்தான், மேலே இருக்கிறவனுக்குத்தான் காசு" என்பீர்கள். இல்லை. ரஞ்சி ஆடுகிறவனுக்கு ஆட்டத்துக்குச் சம்பளம் உண்டு, பயணத்தையும் தங்கும் இடத்தையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். டென்னிஸில் தோற்கும் இடத்துக்குப் போகவும் நீதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

"2024-இலிருந்து ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்கிறதே" என்று விஷயம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். சரி, நல்லதுதான். ஆனால் 251-ஆவது ஆளுக்கு? 2025 அமெரிக்க ஓப்பனில் சாம்பியனுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார்கள். டென்னிஸை மட்டும் வைத்துப் பிழைப்பவர்கள் ஆண், பெண், இரட்டையர் எல்லாம் சேர்த்து உலகத்திலேயே 350, 400 பேர்தான் என்று சொன்னது ஜோகோவிச். அவரும் புலம்புகிறாரா?

நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்தது. 2009-இல் வைல்ட் கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் கொடுத்த சிறப்பு அனுமதியில் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதியாட்டம் வரை போனார். அந்த மாதிரி ஒரு கதவுக்குத்தான் நம் பையன்கள் காத்திருந்தார்கள். போட்டி புனேவுக்குப் போனது, 2023-க்குப் பிறகு அங்கும் இல்லை. இன்று இந்தியாவில் ஆண்களுக்கு ஒரு ஏடிபி டூர் போட்டிகூடக் கிடையாது. அதற்கு ஒரு படி கீழே இருக்கும் சேலஞ்சர் போட்டிகள்தான் மிச்சம். 2024 பிப்ரவரியில் நாகல் சென்னை சேலஞ்சரை ஜெயித்து முதல் நூறுக்குள் வந்த நாளில் நான் அந்த மைதானத்தில் இருந்தேன். தம்பியைக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஷாங்காய் இறுதியாட்டத்தை மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தான். முடிந்ததும் உள்ளே போய்விட்டான். மறுநாள் காலையில்தான் அந்த டேக் வந்தது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.