சாவியால் நெம்பாதீர்கள்

நேற்று பெயிண்ட் டப்பா மூடியை நெம்ப வீட்டுச் சாவியை எடுத்தார்கள். வளைந்துவிட்டது. சாவி பெரும்பாலும் பித்தளை, பூட்டைத் திறக்க மட்டும்தான் செய்தது. கத்தி இன்னும் மோசம். கடினமாக்கிய எஃகு, மெல்லிய முனை. பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று முறியும், கண்ணில் தெறித்தாலும் தெறிக்கும்.

இதற்கென்றே விரல் நீளத்தில் நெம்புப்பட்டை வருகிறது. தடித்த உடல், நுனியில் மட்டும் உளி போலச் சரிவு, சாவிக்கொத்தில் தொங்கும். அட்டைப்பெட்டி ஸ்டேப்பிள் பின், இறுகிப்போன டின் மூடி எல்லாவற்றுக்கும் போதும். நீளம் குறைவு என்பதால் பெரிய ஆணி வராது, அது சுத்தியல் வேலை. சரி, கடையில் கேட்டால் ஸ்க்ரூடிரைவரை நீட்டுகிறார்கள். நெம்பி நெம்பி அதன் நுனி மழுங்கினால் அப்புறம் திருகின் பள்ளத்தில் எப்படி நிற்கும்?