"எவ்வளவு தந்தவங்களாம்?"

அந்தியேட்டி, செத்தவருக்கான கிரியை நாள் அன்று பின்னேரம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கை வீடொன்று. சாப்பிட்டுக் கைகழுவி வாசலில் செருப்புத் தேடிய ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து கேட்டார்: "சிறுநீரகத்துக்கு எவ்வளவு தந்தவங்களாம்?" குசினி யன்னலுக்கு அந்தப் பக்கம் அந்த அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். கேத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றினார்.

அக்காவின் மகனுக்கு நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து. ஐந்தாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். இரண்டு சிறுநீரகங்கள், கல்லீரல், கண்கள். தானம் கொடுக்கத் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கையெழுத்து எவ்வளவு கஷ்டம் என்று பேசுகிறவர்களுக்குத் தெரியாது. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. மூச்சை இயந்திரம் விடுகிறது. இதயத்துக்குத் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை, ஒட்சிசன் கிடைக்கும்வரை அது தன்பாட்டில் துடிக்கும். மூளைத்தண்டு செத்துவிட்டதா என்று ஒவ்வொன்றாய்ச் சோதிப்பார்கள். கடைசியில் இயந்திரத்தின் மூச்சை நிறுத்தி, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறானா என்று பார்ப்பார்கள். அவன் எடுக்கவில்லை. சரி, விளக்கம் எல்லாம் கேட்கலாம். சூடான கையைப் பிடித்துக்கொண்டு தாய் ஒருத்தி அதை நம்ப வேண்டுமே!

விலை கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். கண் தானத்துக்கு இப்படி ஒருவரும் விலை கேட்பதில்லை. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது, அதில் நமக்கெல்லாம் பெருமை. சிறுநீரகம் என்றதும் புத்தி வியாபாரத்துக்குப் போய்விடுகிறது. கோயிலில் கண்ணப்பர் கதைக்குக் கண் கலங்குகிறவர்களும் இதே ஆட்கள்தான்.

தமிழ்நாட்டில் 2008இல் ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையனின் இதயத்தை அவனுடைய பெற்றோர் 9 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகு அங்கே பேச்சே மாறியது. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டெம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். எனக்கு அரச மரியாதை, மேடை, மாலை எதிலும் பெரிய பிடிப்பில்லை. ஆனால் அன்றைக்குச் செத்தவீட்டில் பெரியவர் யாராவது எழும்பி நின்று, இந்தப் பிள்ளை என்ன கொடுத்துவிட்டுப் போகிறான் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால், வாசலில் அந்தக் கேள்வி வந்திராது. நானும் அங்கேதான் நின்றேன். நானும் சொல்லவில்லை. என் பங்கு வெட்கம் அது.

முகநூலில் மூன்று நாள் அவன் படம் ஓடியது. எல்லாரும் 'மாவீரன்', 'தெய்வம்' என்று எழுதினோம். அப்புறம் அந்த வீட்டுக்கு யார் போனோம்?

போன கிழமை நான் போனேன். அவனுடைய ஹெல்மெட் இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு, மூன்று தடவை போய், ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம் ஊசியோடு படுத்திருக்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்து இரண்டு பேர் எழும்பியிருப்பார்கள் என்றேன். அக்கா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தச் சிறுநீரகம் வாங்கின ஆள் தண்ணி ஒழுங்காக் குடிக்குமோ தம்பி? இவன் குடிக்கவே மாட்டான். ஒவ்வொரு நாளும் நான்தான் போத்தலோட பின்னால திரியிறது."