கோட்டையூரிலிருந்து கிளம்பிப் போன நூலகம்

காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. 1928-ல் நகராட்சி ஆன ஊர், 2024-ல் இந்தப் பெயரைப் பெற்றிருக்கிறது. அதிலிருந்து செக்காலை ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தாலும், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். வரி கூடுமா, பாதாளச் சாக்கடை எப்போது முடியும், எந்தெந்த ஊராட்சியைச் சேர்த்தார்கள். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் பேசப்படாத ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊரின் பழைய புத்தகத்தையும் காகிதத்தையும் யார் காப்பாற்றுவது என்பதுதான் அது. அதைத்தான் எழுத வந்தேன். பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பெரிய வீடு பார்க்க வேண்டும், ஆத்தங்குடிக் கல் பார்க்க வேண்டும், கண்டாங்கிச் சேலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அழைத்துப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கல்லூரிச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான். இந்த ஊரை ஊராக்கியது முகப்பும் வளவும் வைத்த வீடுகள் மட்டுமல்ல, அழகப்பச் செட்டியார் உண்டாக்கிய கல்விக்கூடங்கள் உள்ள அந்தச் சாலையும்தான் என்று நான் நம்புகிறேன்.

அழகப்பச் செட்டியார் 1909-ல் பக்கத்திலுள்ள கோட்டையூரில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, விமானம் ஓட்டும் உரிமம் என்று போனவர். 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார், கல்விக்குப் பணக்காரர்கள் முன்வர வேண்டும் என்று அந்த மேடையில் கேட்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்றார். ஆகஸ்ட் மாதமே கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் கிடையாது, காந்தி மாளிகையில் வகுப்பு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அதே மாதம். இன்றைக்கு ஒரு சான்றிதழ் வாங்கவே அதைவிட அதிக நாள் ஆகிறது.

அடுத்தது சிக்ரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்று சொன்னால் உள்ளூரில் பாதிப் பேருக்குப் புரியாது, சிக்ரி என்றால்தான் தெரியும். நாட்டுக்கு ஆராய்ச்சிக்கூடங்கள் அமைக்க இடம் தேடிய காலம் அது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கலை ஒட்டி, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம், உலோகப் பூச்சு, துருப்பிடித்தல் என்று அங்கே நடப்பது உலகத் தர வேலை. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் கடலோரமாகவே அவர்களுக்கு ஒரு சோதனைக் களம் உண்டு. வறண்ட ராமநாதபுரம் சீமையில் ஓர் ஊருக்கு இப்படி ஒன்று வாய்த்ததற்குக் காரணம், ஒருவர் கேட்காமலே கொடுத்ததுதான்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது தொகை அல்ல. கொடுத்தவர் கையில் வைத்துக்கொள்ளவில்லை. சிக்ரி இந்திய அரசுடையது. கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்றைக்கு அரசுக் கல்லூரிகள். 1985-ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1957 ஏப்ரல் 5-ல் அவர் காலமானார். பேர் அவருடையது, சொத்து எல்லோருடையது. நான் அந்தக் கலைக் கல்லூரியில் படித்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் இதைப் பற்றி நடுநிலையாகப் பேச எனக்கு வராது.

இந்தப் பக்கத்துச் செட்டியார்களின் பணம் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்தது, அங்கே கடன் கொடுத்துச் சேர்த்த வட்டிக் காசு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது, அந்த வேதனையையும் மறைக்கக் கூடாது. அதே வரலாற்றில் மகமை என்ற பழக்கமும் இருக்கிறது. வரவில் ஒரு பங்கை ஏட்டிலேயே தர்மக் கணக்கில் எழுதிவிடுவார்கள். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஊருணிக்கும் போன அந்தப் பங்குதான் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

காசு பெரிதாகப் புரளாத இடங்களும் உண்டு. 1917-ல் இளைஞர்கள் சேர்ந்து இந்து மதாபிமான சங்கம் தொடங்கினார்கள். 1919-ல் பாரதி அங்கே வந்தார், சங்கத்தை வாழ்த்திக் கவிதை எழுதினார், அந்த வருகையின்போது படமும் எடுத்தார்கள். பாரதியின் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் சில எங்கள் ஊரில் எடுத்தவை. 1939-ல் சா.கணேசன் கம்பன் கழகம் கண்டார். பங்குனியில் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில் விழா, அத்தத்தன்று கம்பர் அடங்கிய நாட்டரசன்கோட்டையில் நிறைவு. சொன்ன நேரத்துக்குக் கூட்டம் தொடங்கும் என்பது அந்த விழாவின் பேர். சிறுவயதில் அம்மாவோடு போய்த் தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஒன்று நம் கையை விட்டுப் போய்விட்டது.

அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். அழகப்பரைப் போலப் பெரும் பணக்காரர் அல்ல. பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டார், பொருள்வாரியாகப் பிரித்து வைத்தார். தேடி வந்த ஆராய்ச்சியாளர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். 1992-ல் அவர் மறைந்தபோது வீட்டில் ஒரு லட்சத்தை ஒட்டிய உருப்படிகள் இருந்தன. 1994-ல் அவற்றை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்றைக்கு அவை சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. மிக நன்றாகப் பராமரிக்கிறார்கள், சிகாகோவுக்கு நான் நன்றி சொல்வேன். அவர்கள் வாங்கியிராவிட்டால் அந்தத் தொகுப்பு சிதறியிருக்கக் கூடும். ஆனால் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சிக்கூடமும் உள்ள ஊரிலிருந்து, கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் புத்தகங்கள் கிளம்பிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அவருடைய தகரப் பெட்டி நிறையக் கடிதமும் ஏடும் இருந்தன. வீட்டை இடித்துக் கட்டியபோது எடைக்குப் போட்டோம். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியை மட்டும் அப்பத்தா அரிசி வைக்கத் திருப்பிக் கேட்டார். ஐயா எந்தத் தெருவில் இருந்தார், 1942-ல் குண்டு விழுந்தபோது எந்த வழியாக நடந்து வந்தார் என்று என் மகள் இப்போது கேட்கிறாள். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முனீஸ்வரன் கோயில் வீதிக்குப் போனால் தேக்குத் தூணும் நிலைக்கதவும் பீங்கான் சாமானும் விலைக்கு நிற்கின்றன. அவற்றுக்காவது விலை இருக்கிறது, யாராவது பத்திரப்படுத்துவார்கள். பேரேட்டுக்கும் கடிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் எடைக்காசுதான்.

அதனால் புதிய மாநகராட்சியிடம் நான் கேட்பது ஒரு நகர ஆவணக் காப்பகம். பெரிய கட்டடம் வேண்டாம். ஈரம் ஏறாத நான்கு அறை, ஒரு ஸ்கேனர், தாள் பராமரிப்பு தெரிந்த இரண்டு பேர். வீடுகளில் கிடக்கும் காகிதத்தை வாங்கிப் பதிவு செய்து, பிரதி எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றால் திருப்பிக் கொடுக்கட்டும். செட்டியார் வீட்டு ஏடு மட்டுமல்ல, அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்த கொத்தனார் குடும்பத்தின் படமும், கண்டாங்கி நெய்தவர் வீட்டுக் கூலி நோட்டும் அங்கே வர வேண்டும். நகராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்களையே முதலில் கொண்டுவந்து வைக்கலாம்.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வீடாக வருகிறேன். பரணில் பெட்டி இருக்கிறவர்கள் அதுவரை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.