சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டுமா?

“மூலச் சாவி இல்லாவிட்டால் பூட்டை வேறு சாவிக்கு மாற்றியமைக்க முடியாது, முழுப் பூட்டையும் கழற்றி எறிய வேண்டியதுதான்” என்று பரவிவரும் செய்தி, பெரும்பாலான வீட்டுப் பூட்டுகளைப் பொறுத்தவரை தவறானது.

பரவலாகப் பயன்படும் பின் (pin) வகைப் பூட்டின் உருளைக்குள், பெரும்பாலும் 5 அல்லது 6 துளைகளில், ஸ்பிரிங் அழுத்தத்தில் பின்கள் எனப்படும் சிறு உலோகத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டாக நிற்கின்றன. சரியான சாவியின் வெட்டுகள் அவற்றின் இணைப்பிடங்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும்போதுதான் சாவி நுழையும் உள்ளுருளை சுழலும். கீழ்ப்பின்களை அகற்றி, புதிய சாவியின் வெட்டுகளுக்கேற்ற நீளமுள்ளவற்றை இடுவதே மாற்றியமைத்தல். பழைய சாவி தேவைப்படுவது உள்ளுருளையைச் சற்றே திருப்பி வெளியே எடுக்க மட்டுந்தான். அது இல்லாதபோது, தேர்ந்த பூட்டுத் தொழிலாளர் கருவியால் பின்களைத் தூக்கி நிறுத்தியோ, கழற்றிய உருளையின் பின்புறமாக மெல்லிய தகட்டைச் செலுத்தியோ அவ்வேலையை முடித்துவிடுவார். (கவனக்குறைவாக உருவினால் ஸ்பிரிங்குகள் தரையெங்கும் சிதறும் என்பது வேறு கதை.)

செய்தி முழுக் கற்பனையும் அன்று. உருளையைப் பிரிக்காமல் வீட்டுக்காரரே சாவியை மாற்றிக்கொள்ளும் வகைப் பூட்டுகளுக்கு, அப்போது இயங்கும் சாவி கையில் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பேச்சு அநேகமாக அங்கிருந்தே கிளம்பியிருக்கும். உருளை துருவேறிப் பழுதாகியிருந்தால்கூட, பல பூட்டுகளில் அந்த உருளையை மட்டும் மாற்றினால் போதும்.