என் தாத்தாவுக்குத் தேதி போட வேண்டுமாம்

இன்று மதியம் 2.40க்கு எனக்கு டியூட்டோரியல், அதாவது என் கட்டுரையைப் பற்றி டியூட்டரோடு தனியாகப் பேசும் நேரம். ஒதுக்கிய நேரம் பதினைந்து நிமிடம். இப்போது ராத்திரி பத்து மணி. அந்தப் பதினைந்து நிமிடத்தை மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் கோபம் கூடுகிறதே தவிர இறங்கவில்லை. எழுதித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது.

ப்ரீ-செஷனல், அதாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு முன் படிக்கும் ஆங்கில வகுப்பு, படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், எழுத்தில் அரை பேண்ட் (மதிப்பெண்) குறைந்ததற்காகப் பத்து வாரம் வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. லிசனிங் 7.5, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 5.5. சராசரி போட்டால் மொத்தம் 7 வருகிறது. ஆனால் எந்தப் பிரிவிலும் 6க்குக் கீழே இருக்கக் கூடாதாம். எல்கேஜியிலிருந்து பி.இ. வரை இங்கிலீஷ் மீடியம் என்று கல்லூரி கொடுத்த கடிதமும் செல்லாது என்றார்கள். சரி, ஏற்றுக்கொண்டேன். அந்த அரை பேண்டுக்காக அம்மாவின் வளையல்கள் வங்கியில் இருக்கின்றன. கடைசி வாரத் தேர்விலும் கட்டுரையிலும் தேறினால்தான் செப்டம்பரில் எம்.எஸ்சி. வகுப்புக்குள் நுழைய முடியும். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இப்போது அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வருகிறேன்.

2,000 சொல் கட்டுரை. தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம், சேரப்போகும் துறையை ஒட்டி இருக்க வேண்டும். நான் படிக்கப்போவது நீர்வளப் பொறியியல். அதனால் ஊர்மக்கள் தாங்களே நடத்தும் பாசனத்தைப் பற்றி எழுதினேன். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, குளங்கள் இருக்கின்றன என்று தொடங்கி, குடிமராமத்து (ஊர்மக்களே குளம், கால்வாயைப் பராமரிக்கும் முறை), 1858ஆம் ஆண்டு மதராஸ் மாகாணத்தில் அதற்காகப் போட்ட கட்டாய உழைப்புச் சட்டம், பொதுப்பணித்துறை என்று ஒழுங்காகச் சான்றுகளோடு போய்க்கொண்டிருந்தது. நான்காவது பக்கத்தில் ஒரு பத்தி. எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீரை எப்படிப் பங்கிடுவார்கள் என்பதை எழுதியிருந்தேன்.

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாமிரபரணித் தண்ணீர் அணைக்கட்டில் திரும்பி, கால்வாயில் ஓடி, குளத்துக்கு வரும். தாத்தா அங்கே நீர்ப்பாய்ச்சி. ஊர் கூடி வைத்த வேலை அது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் மடை திறப்பது, தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவது, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று ராத்திரி அரிக்கேன் விளக்கோடு வரப்பில் நடந்து பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளி லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். மடை மேல் உட்காரவைத்து, "ஏட்டி, சத்தத்தக் கேளு. இந்தச் சத்தம் வந்தா அரை மடை, இது வந்தா முழு மடை" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கும் தெரியும். இப்போதும் தெரியும்.

கட்டுரையில் இவ்வளவு உணர்ச்சியோடு எழுதவில்லை. 'நான்' என்ற சொல்லே வரக் கூடாது என்பதால் மொத்தத்தையும் செயப்பாட்டு வினையில் போட்டு, காய்ந்த சருகு மாதிரி ஆறு வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தேன்.

டியூட்டர் அந்தப் பத்தியின் ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு நீளக் கோடு போட்டிருந்தார். பக்கத்தில் ஒரே சொல்: "சோர்ஸ்?"

இது என் தாத்தா செய்த வேலை, நான் நேரில் பார்த்தது என்றேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அந்தப் பொறுமைதான் என்னை முதலில் சீண்டியது. "ஆனால் படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்?" என்றார். நான் சொல்கிறேனே என்றேன். "நீங்கள் சொல்வது கருத்து. ஆதாரம் வேண்டும்" என்றார்.

கருத்தா? தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் போனது என்பது கருத்தா? எனக்குப் புளியோதரை பிடிக்கும் என்பது கருத்து. கடைமடைக்குத் தண்ணீர் சேராமல் தாத்தா வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டார் என்பது நடந்தது. நடந்ததற்கும் கருத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா நான்கு வருஷம் சிவில் படித்துவிட்டு வந்திருக்கிறேன்?

அப்படியானால் எப்படிச் சான்று காட்டுவது என்று கேட்டேன். எங்களுக்குச் சொல்லியிருப்பது ஏபிஏ முறை, ஏழாம் பதிப்பு. அதில் தனிப்பட்ட உரையாடல் என்று ஒரு வகை உண்டு, அதைப் பயன்படுத்தலாம் என்றார். எனக்குச் சட்டென்று சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. தாத்தா பெயர் என் கட்டுரையில் வரும் என்று நினைத்தேன். உடனே அடுத்ததைச் சொன்னார். கட்டுரையின் உள்ளே அடைப்புக்குறியில் மட்டும்தான் பெயர் வரும். கடைசியில் வரும் நூற்பட்டியலில் வராது. ஏன் என்றால், படிப்பவர் போய் எடுத்துப் பார்க்க முடியாத எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அப்புறம், "தேதி வேண்டும். முடிந்தவரை துல்லியமாக" என்றார்.

தேதி!

எந்தத் தேதியைப் போடுவது? எனக்கு ஆறு வயசில் முதல் தடவை மடை மேல் உட்கார்ந்த அந்தக் கோடை நாளையா? மறுகால் பாய்ந்த வருஷம், வெள்ளம் கரையை அரிக்கிறதா என்று பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ராத்திரியையா? பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை எந்த நாள் சொன்னதாகக் கணக்கு வைப்பது? அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. போன் போட்டு, "தாத்தா, அந்த அரை மடை விஷயத்தை என்னைக்குச் சொன்னீய?" என்று கேட்கவா முடியும்?

இதையெல்லாம் டியூட்டரிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆங்கிலம் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. கல்விசார் ஆங்கிலம் கற்றுக்கொள்ளத்தான் இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம். கல்விசார் கோபத்துக்கு ஒரு வகுப்பும் இல்லை. ஒன்பது நிமிடம் போய்விட்டிருந்தது.

மீதி ஆறு நிமிடம் ஹெட்ஜிங்குக்குப் போனது. வண்டல் படிந்தால் குளத்தின் கொள்ளளவு குறைகிறது என்று எழுதியிருந்தேன். 'குறையக்கூடும்' என்று மாற்று என்றார். அறுதியிட்டுச் சொல்லக் கூடாதாம். ஆய்வில் கிடைத்த முடிவை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் இது முடிவே இல்லையே! ஒரு குடத்தில் பாதிக்கு மண்ணைப் போட்டால் அதில் பிடிக்கும் தண்ணீர் குறையும். 'குறையக்கூடும்' இல்லை, குறையும். அதனால்தான் கோடையில் குளம் வற்றியதும் வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினார்கள். குளமும் ஆழமானது, வயலுக்கும் உரம் கிடைத்தது. இதைச் செய்தவர்கள் ஒருவரும் 'கூடும்' என்று நினைத்து மண்வெட்டியைத் தூக்கவில்லை.

இந்தப் படிப்பே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாவது வாரத்தில் அகடமிக் வேர்ட் லிஸ்ட் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த, கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள். அதை உட்கார்ந்து படித்ததிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளை முன்பைவிட வேகமாகப் படிக்கிறேன். அடுத்தவர் எழுதியதைத் திருடக் கூடாது என்பதிலும் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சான்று காட்டு என்றால் காட்டுகிறேன். என் கட்டுரையில் 23 சான்றுகள் இருக்கின்றன, ஒரு காற்புள்ளிகூடத் தவறாமல்.

ஆனால் இதைக் கேளுங்கள். கட்டுரையை, நகல் இருக்கிறதா என்று பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளில் ஏற்றினால், வேறெங்காவது இருக்கும் சொற்றொடர்களுக்கெல்லாம் நிறம் பூசி அறிக்கை வரும். எல்லாப் பத்தியிலும் அங்கங்கே சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு புள்ளி நிறம்கூட இல்லாமல் வெள்ளையாக வந்தது ஒரே ஒரு பத்திதான். தாத்தா பத்தி. முழுக்க முழுக்க எனக்குச் சொந்தமான, எங்கிருந்தும் எடுக்காத ஒரே பத்தி. அதற்குத்தான் பச்சைக் கோடு.

என் பக்கத்தில் உட்காரும் சீனத் தோழிக்கு நேர் எதிர்க் கதை. அவள் எழுத்து ரொம்பச் சீராக இருக்கிறதாம், ஏஐ எழுதியதா என்று கேட்டிருக்கிறார்கள். பாவம், விடிய விடிய விழித்து எழுதியவள். ஆங்கிலம் தாய்மொழியில்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) கட்டுரைகளை ஏழு ஏஐ கண்டறியும் கருவிகளில் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லியிருக்கின்றன. 2023இலேயே வெளியான ஆய்வு. எளிய சொற்களில் எழுதினால் எந்திரம் எழுதியது என்கிறார்கள். கண்ணால் பார்த்ததை எழுதினால் ஆதாரம் இல்லை என்கிறார்கள். பிறகு நாங்கள் எதைத்தான் எழுதுவது?

கிளம்பும்போது டியூட்டர் நல்ல மனசோடுதான் ஒரு யோசனை சொன்னார். இதே விஷயத்தை எழுதிய ஆய்வாளர் யாராவது இருப்பார், தேடிப் பார் என்றார். நூலகத்துக்குப் போய்த் தேடினேன். இருக்கிறார். எலினார் ஆஸ்ட்ராம். 2009இல் பொருளாதார நோபல் வாங்கியவர். ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் விவசாயிகள் தாங்களே விதி வகுத்துத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றி 1990இலேயே எழுதியிருக்கிறார். அரசாங்கமும் இல்லாமல் தனியாரும் இல்லாமல் ஊர்க்காரர்களால் முடியும் என்று சொன்ன மனுஷி. அவர் மேல் எனக்கு மதிப்புதான். வாசிக்க வாசிக்க, தாத்தா பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

அங்கேதான் அழுகை வந்தது. நாளைக்கே தாத்தா மாதிரி ஒரு நீர்ப்பாய்ச்சியைத் தேடிப் போய் யாராவது பேட்டி எடுத்துக் கட்டுரை வெளியிட்டால், அது சான்று. பட்டியலில் பேட்டி எடுத்தவர் பெயர் வரும். சொன்னவர் 'ஒரு விவசாயி' ஆகிவிடுவார். அதே விஷயத்தைப் பேத்தி சொன்னால் கருத்து. நடுவில் வேறொருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனால்தான் அது அறிவா? இந்த ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஹெட்ஜிங்கை விட்டுவிடுவேன், செயப்பாட்டு வினையை விட்டுவிடுவேன். இதை விட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை 12 மணிக்குள் திருத்திய படியை ஏற்ற வேண்டும். பத்தியை எடுத்துவிடு, ஆஸ்ட்ராமை மட்டும் போடு, மார்க் வரும் என்கிறாள் சீனத் தோழி. எடுக்கப்போவதில்லை. ஆஸ்ட்ராமும் இருப்பார், அடைப்புக்குறிக்குள் தாத்தாவும் இருப்பார். தேதி இருக்க வேண்டிய இடத்தில் இப்போதைக்கு ஒரு வெற்றிடம் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று, இதையும் கொட்டிவிடுகிறேன். பத்து வாரமாக இங்கே ஒருவரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை! பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் வருகைப் பதிவிலும் அதுதான், அடையாள அட்டையிலும் அதுதான், மின்னஞ்சலிலும் அதுதான். இன்றைக்கு அந்தப் பச்சைக் கோடு போட்ட தாளின் தலையிலும் "மிஸ் சுப்பையா". முதல் வாரத்திலேயே அது என் அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சொன்னேன். இரண்டாவது வாரம் மின்னஞ்சலும் அனுப்பினேன். கணினியில் மாற்ற முடியாதாம்.

சற்று முன்னால் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ஊரில் விடிகாலை மூணு மணி இருக்கும், பாவம், அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தா விஷயத்துக்கு ஒன்றும் பேசவில்லை. பெயர் விஷயம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும்லா காலேஜுக்குப் போறேன்" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர். எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.